36–37 அடி பழைய பாய்மரப் படகு: 1987-ஆ, 2006-ஆ? எதை, எந்த வரிசையில் சோதிப்பது?

தென்றல்37:

வணக்கம். இரண்டு பேர் மட்டுமே ஓட்டப்போகும் படகு. வருடத்தில் மூன்று நான்கு மாதம் அதிலேயே தங்குவது, கரையோரப் பயணம், எப்போதாவது மூன்று நான்கு நாள் நீளும் கடல் கடப்பு. தேடித் தேடிக் கடைசியில் இரண்டு படகுகள் மிஞ்சியிருக்கின்றன. விலை ஏறக்குறைய ஒன்றுதான்.

முதலாவது 1987-ல் கட்டியது. மொத்த நீளம் 37 அடி, நீர்க்கோட்டில் 30 அடி, அகலம் 11.5 அடி, எடை 7.2 டன். ஈயக் கீல் (அடியில் தொங்கும் கனத் துடுப்பு), சுக்கானுக்கு முன்னால் அதைத் தாங்கும் ஸ்கெக். டெக் பால்சா சாண்ட்விச், அதன் மேல் ஸ்க்ரூ அடித்த தேக்குப் பலகை. எஞ்சின் யான்மார் 3ஜிஎம்30எஃப், நேரான ஷாஃப்ட், 3,900 மணி ஓடியது. ரிக்கிங் கம்பிகள் (மாஸ்ட் எனும் பாய்மரத்தைப் பிடித்து நிறுத்துபவை) 2015-ல் மாற்றியதற்கு ரசீது இருக்கிறது. அந்தக் கம்பிகளைப் படகோடு பிணைக்கும் செயின்பிளேட் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

இரண்டாவது 2006. நீளம் 36, நீர்க்கோடு 32, அகலம் 12.2 அடி, எடை 6 டன். வார்ப்பிரும்புக் கீல், ஸ்பேட் சுக்கான் (ஸ்கெக் இல்லாமல் தன் தண்டிலேயே தொங்குவது), வோல்வோ செயில்டிரைவ் (படகின் அடியைத் துளைத்து இறங்கும் காலில் புரொப்பெல்லர்), மாஸ்டுக்குள் சுருளும் மெயின்செயில். முதல் ஆறு வருடம் சார்ட்டரில் (வாடகைக்கு) ஓடியிருக்கிறது. எஞ்சின் 4,600 மணி. ரிக்கிங் கட்டும்போது போட்டதேதான்.

என் கேள்விகள்: சர்வேயரை (படகைச் சோதிக்கும் நிபுணர்) அழைப்பதற்கு முன் நானே எவற்றைப் பார்த்துக் கழிக்கலாம்? எந்தக் குறை விலையைக் குறைக்கும் குறை, எது ஓடிப்போக வேண்டிய குறை? கடைசியாக, ஆஸ்மோசிஸ் (ஹல் ஃபைபரில் வரும் கொப்புளம்) என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்களே, அது எவ்வளவு நிஜம்?

---

சுக்கான்:

விவரத்தோடு கேட்டிருக்கிறீர்கள், பதில் சொல்வது சுலபம். முதலில் ஒன்று: இரண்டு படகின் விலையும் ஒன்று என்கிறீர்கள். அது இன்றைய விலைச்சீட்டு. கடலுக்குப் போகத் தயாரான நாளில் இரண்டும் எவ்வளவு விழுங்கியிருக்கும் என்பதுதான் ஒப்பிட வேண்டிய கணக்கு. அந்த இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்க வாய்ப்பே இல்லை.

சர்வேயருக்கு முன் உங்களுக்கு இரண்டு மணி நேரம் போதும். ஒரு டார்ச், சின்ன கைக்கண்ணாடி, பிளாஸ்டிக் தலை உள்ள சிறு சுத்தியல், பழைய துண்டு. மாய்ஸ்ச்சர் மீட்டர் வாங்கத் தேவையில்லை. பழக்கமில்லாத கையில் அது தப்பாகவே பேசும்.

1987 படகில் நேராக டெக்குக்குப் போங்கள். ஃபைபரின் இரண்டு தோலுக்கு நடுவே பால்சா மரம். ஸ்டாஞ்சன் (ஓரக் கைப்பிடிக் கம்பியின் தூண்), செயின்பிளேட், வின்ச் (கயிறு இழுக்கும் உருளை), ஜெனோவா டிராக் (முன்பாயின் தண்டவாளம்), விண்ட்லாஸ் (நங்கூரம் தூக்கும் யந்திரம்) என்று எங்கெல்லாம் டெக்கைத் துளைத்துப் போல்ட் போட்டார்களோ, அங்கெல்லாம் சீலண்ட் பத்துப் பதினைந்து வருடத்தில் விட்டுப்போகும். தண்ணீர் உள்ளே இறங்கினால் வெளியேற வழியில்லை. மரம் ஊறும், அழுகும், பிறகு மேல்தோலும் கீழ்தோலும் தனித்தனியாக வளையும். சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே நகருங்கள். நல்ல இடம் "டக் டக்" என்று கூர்மையாகச் சொல்லும். ஊறிய இடம் "தொப்" என்று அமுங்கும். ஒலி மாறும் எல்லையைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டே போனால், அரை மணி நேரத்தில் டெக் மேல் ஒரு வரைபடம் கிடைத்துவிடும். ஸ்டாஞ்சன் அடியில் உள்ளங்கை அளவுக்கு ஒரு வட்டம் என்றால் அது வாரக்கடைசி வேலை. அந்த வட்டங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பக்க டெக் முழுக்க ஓடினால், மேல்தோலை வெட்டி எடுத்து, அழுகிய பால்சாவைச் சுரண்டி, காயவைத்து, புது பால்சா அல்லது ஃபோம் பதித்து, எப்பாக்ஸியில் மறுபடி கண்ணாடியிழை போட வேண்டும். அது மாதக்கணக்கு.

உங்கள் படகுக்கு இன்னொரு சிக்கல்: தேக்கு. அந்தக் காலத்து முறையில் ஒவ்வொரு பலகையையும் ஸ்க்ரூவால் மேல்தோலில் பிடித்திருப்பார்கள். 37 அடிப் படகில் அப்படி ஆயிரத்துக்கு மேற்பட்ட ஓட்டைகள், ஒவ்வொன்றும் பால்சாவை நோக்கி. தேக்கு இருக்கும் இடத்தில் சுத்தியலும் தெளிவாகப் பேசாது. அதனால் இப்படிப் பாருங்கள்: மழைக்கு மறுநாள், அல்லது ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி மேற்பரப்பு உலர்ந்த பிறகு, பலகை மீது குதிகாலால் அழுத்துங்கள். ஸ்க்ரூவை மூடிய மரக் குமிழைச் சுற்றி ஈரம் கசிந்து ஒரு சின்னக் குமிழி வந்தால், அதற்குக் கீழே தண்ணீர் தேங்கி நிற்கிறது. இரண்டு பலகைக்கு நடுவிலுள்ள கருப்பு ரப்பர் மரத்தைவிட மேலே துருத்திக்கொண்டிருந்தால் மரம் அவ்வளவு தேய்ந்துபோயிருக்கிறது என்று அர்த்தம். ஸ்க்ரூ தலை அங்கங்கே மின்னினால் கதை முடிந்தது, 6 மி.மீ.க்குக் கீழ் தேய்ந்த தேக்கில் திரும்ப ஆழப்படுத்திக் குமிழ் வைக்கக்கூட இடம் இருக்காது. அப்போது தேக்கைப் பிடுங்கி, ஓட்டைகளை அடைத்து, வழுக்காத பெயிண்ட் அடிக்கும் செலவை முழுசாக விலையில் கழியுங்கள். என் கணிப்பில் அந்தப் படகின் தலைவிதியே இந்த ஒரு விஷயத்தில்தான் இருக்கிறது.

அடுத்து உள்ளே. அலமாரிக்குள், செயின்பிளேட் இறங்கும் இடத்தில், பிளைவுட் தடுப்பில் கறுப்புக் கறை இருக்கிறதா? அந்தத் தடுப்பை ஹல்லோடு (படகின் உடல்) பிடித்திருக்கும் ஃபைபர் பட்டை விட்டிருக்கிறதா? நகத்தை அதன் விளிம்பில் ஓட்டினால் தெரியும். நடுத் தடுப்பில் உள்ள கதவு சட்டத்தில் உரசினால் மாஸ்டின் அழுத்தத்தில் ஏதோ இறங்கியிருக்கிறது. டெக் மேல் நிற்கும் மாஸ்ட் என்றால், அடியில் முட்டுக்கொடுக்கும் தூணின் பாதத்தைத் தேடிப் பாருங்கள். பில்ஜ் (படகின் அடிக்குழி) தண்ணீரில் நின்று மரம் மெத்தென்று ஆகியிருக்கும்.

ஆஸ்மோசிஸை வேறு யாராவது எடுத்துக்கொள்ளுங்கள், எனக்கு அதில் பொறுமை இல்லை.

---

ஈயக்குண்டு:

கீல் பற்றி யாரும் சொல்வதற்குள் சொல்லிவிடுகிறேன், 2006 படகில் முதலில் பார்க்க வேண்டியது அதுதான்.

ஃபின் கீல் தரை தட்டும்போது முன்முனை கீழே இழுபடும், பின்முனை மேல்நோக்கி ஹல்லைக் குத்தும். ஆகவே அடி பட்டதன் தடயம் இரண்டு இடத்தில் இருக்கும். வெளியே, கீலும் ஹல்லும் சேரும் கோட்டின் முன்முனையில், சிரித்த வாய் போல ஒரு விரிசல். உள்ளே, கீலின் பின்முனைக்கு நேர் மேலே, தரைப் பலகையைத் தூக்கினால் தெரியும் குறுக்குச் சட்டங்களில் மயிரிழைக் கோடுகள். வெளி விரிசல் மட்டும் என்றால் சும்மா ஃபில்லர் வெடிப்பாகவும் இருக்கலாம், போல்ட்டை முறுக்கி அடைத்தால் போதும். உள்ளேயும் கோடு இருந்தால் அது வேறு விஷயம்.

அந்த வருடக் கட்டுமானத்தில் பல படகுகளில் குறுக்குச் சட்டங்கள் தனி அச்சில் வார்த்து, ஹல்லுக்குள் பசையால் ஒட்டியவை. ஒட்டு விட்டுப்போனால் மேலிருந்து கண்ணுக்குத் தெரியாது. தட்டிக் கேட்டால் ஓரளவு தெரியும். 2014 மே மாதம் அட்லாண்டிக்கில் கீல் கழன்று கவிழ்ந்து நான்கு பேரைப் பலிகொண்ட சீக்கி ராஃபிக்கி என்ற 40 அடிப் படகும் இப்படி ஒட்டிய சட்டம் உள்ளதுதான். முன்னர் பலமுறை தரை தட்டியதும், அதற்குப் பின் செய்த பழுதுபார்ப்பும் கீல் பிடிமானத்தைப் பலவீனப்படுத்தியிருக்கலாம் என்று பிரிட்டனின் கடல் விபத்துப் புலனாய்வு அறிக்கை சொன்னது. சார்ட்டரில் ஆறு வருடம் ஓடிய படகு ஒருமுறைகூடத் தரை தட்டவில்லை என்று யார் சொன்னாலும் தலையாட்டிவிட்டுப் பில்ஜைத் திறங்கள். பில்ஜ் முழுக்கப் பழசாக, கீலின் பின்முனை மேல் மட்டும் புது ஜெல்கோட் (ஃபைபரின் மேற்பூச்சு) பளபளத்தால் காரணம் கேளுங்கள், பழுதுபார்த்த யார்டின் பில்லையும் கேளுங்கள்.

படகைக் கரையில் தூக்கும் நாளில் நீங்கள் நேரில் இருக்க வேண்டும். பெல்ட்டில் தொங்கும்போது கீலின் எடை முழுக்க போல்ட்டில் தொங்குகிறது. கட்டை மேல் உட்கார்ந்ததும் படகின் எடை கீல் மேல் அழுத்துகிறது. தொங்கும்போது திறந்து, உட்கார்ந்ததும் மூடும் விரிசல் ஃபில்லர் விரிசல் அல்ல. பென்சிலால் குறுக்கே கோடு போட்டு வைத்தால் அசைவு நன்றாகத் தெரியும். இரண்டு நாள் கரையில் நின்ற பிறகு அந்த இணைப்பிலிருந்து பழுப்பு நீர் கசிந்தாலும் போல்ட் வரை தண்ணீர் போயிருக்கிறது.

வார்ப்பிரும்புக் கீலின் மேற்பரப்புத் துரு அழகு கெடும் விஷயம், பயப்பட வேண்டாம். சுத்தியலால் தட்டி, தேய்த்து, எப்பாக்ஸி பிரைமர் அடித்தால் இரண்டு மூன்று வருடம் நிற்கும்.

சுக்கானைக் கீழே பிடித்துப் பக்கவாட்டிலும் முன்பின்னும் உலுக்குங்கள். கொஞ்சம் ஆட்டம் இருந்தால் பேரிங் தேய்மானம். "க்ளக்" என்று உள்ளே ஏதோ இடித்தால், நடுத்தண்டில் வெல்டு செய்த பட்டைகள் விட்டிருக்கலாம். தூக்கிய மறுநாளும் சுக்கானின் அடியிலிருந்து பழுப்புத் தண்ணீர் சொட்டினால் உள்ளே எஃகு அரித்துக்கொண்டிருக்கிறது. ஸ்பேட் சுக்கானுக்கு அந்தத் தண்டு ஒன்றே கதி. ஸ்கெக் உள்ள உங்கள் 1987 படகில் ஸ்கெக்கின் அடிவாரம் ஹல்லோடு சேரும் இடத்தில் விரிசல் பாருங்கள்.

---

பதினாறாம்நம்பர்:

ஆஸ்மோசிஸை நான் எடுத்துக்கொள்கிறேன்.

பாலியெஸ்டர் ரெசின் முழுக்கத் தண்ணீர் புகாதது அல்ல. ஜெல்கோட் வழியாக மெல்ல நுழையும் நீர், சரியாகக் கெட்டிப்படாத ரசாயன மிச்சத்தைக் கரைக்கிறது. அந்தக் கரைசல் இன்னும் தண்ணீரை இழுக்கிறது, அழுத்தம் ஏறுகிறது, கொப்புளம் வருகிறது. குத்தினால் வினிகர் வாசனையோடு பிசுபிசுத்த திரவம் பீச்சி அடிக்கும். கண்ணாடி போடாமல் குத்தாதீர்கள்.

சில காசளவுக் கொப்புளங்கள் அங்கொன்றும் இங்கொன்றும் என்றால் ஒவ்வொன்றாகத் திறந்து, கழுவி, காயவைத்து, எப்பாக்ஸி நிரப்பினால் போதும். இதனால் மூழ்கிய படகு இருப்பதாகத் தெரியவில்லை. அடிப்பக்கம் முழுக்க நூற்றுக்கணக்கில் என்றால் ஜெல்கோட்டைச் சீவி எடுத்து, பலமுறை நன்னீரால் கழுவி, மாதக்கணக்கில் காயவைத்து, பல கோட் எப்பாக்ஸி அடிக்க வேண்டும். அதுவும் செலவுதான், ஆபத்து அல்ல. விலை பேச நல்ல ஆயுதம்.

பார்க்க வேண்டிய நேரம் முக்கியம். தண்ணீரிலிருந்து எடுத்த உடனே, கழுவிய கையோடு, டார்ச்சை ஹல்லோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். குளிர்காலம் முழுக்கக் கரையில் நின்ற படகில் கொப்புளங்கள் வற்றித் தட்டையாகிவிடும். மீட்டரோ நேர்மாறு: எடுத்த அன்று எல்லா ஹல்லும் ஈரம் என்றுதான் காட்டும், செம்பு கலந்த ஆன்டிஃபௌலிங் (பாசி பிடிக்காத பெயிண்ட்) மேல் வைத்தால் இன்னும் அதிகம் காட்டும்.

சுக்கான் சொன்னதற்கு ஒரு திருத்தம்: எல்லா 1980-களின் டெக்கும் அழுகிப்போனதாக நினைக்க வேண்டாம். ஓட்டையைச் சுற்றிப் பால்சாவை எடுத்துவிட்டு முழு ஃபைபராகக் கட்டிய தளங்களும் அந்தக் காலத்தில் இருந்தன. ஒரு ஸ்டாஞ்சன் போல்ட்டை உருவி ஓட்டையின் உட்சுவரைப் பார்த்தால் மரமா ஃபைபரா என்று தெரிந்துவிடும். விற்பவர் அனுமதித்தால் பத்து நிமிட வேலை.

---

பாய்க்கட்டு:

கம்பிக்கு வருகிறேன். 1987 படகின் ரிக்கிங் 2015 என்றால் அதுவும் பத்தைத் தொட்டாயிற்று. 2006 படகு பற்றிப் பேச்சே வேண்டாம், மாற்றும் செலவை இன்றே முழுசாகக் கழியுங்கள். பல இன்ஷூரன்ஸ்காரர்கள் பத்து முதல் பதினைந்து வருடத்துக்கு மேல் போன ரிக்கிங்குக்குக் கேள்வி கேட்பார்கள். வாங்கும் முன்பே இரண்டு இடத்தில் கேட்டு, நிபந்தனையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பார்க்கும் முறை: கம்பி கீழ்ப்பக்கம் ஸ்வேஜ் குழலுக்குள் (கம்பி முனையை நசுக்கிப் பிடிக்கும் குழல்) நுழையும் இடம். மழைநீரும் உப்பும் வழிந்து அங்குதான் தங்கும். துரு ஒழுகிய கோடு, குழலின் நீளவாக்கில் மயிரிழை விரிசல், இரண்டுமே மாற்றச் சொல்லும் அடையாளம். டிஷ்யூ தாளைக் கம்பியைச் சுற்றிப் பிடித்து இழுங்கள். அறுந்த ஒரு இழை இருந்தால் தாளைக் கிழிக்கும். 1×19 கம்பியில் (19 இழை முறுக்கியது) ஒரு இழை அறுந்தால் அந்தக் கம்பி மட்டும் அல்ல, அதே நாளில் போட்ட எல்லாமும் அதே வயது.

எல்லோரும் கம்பியை மாற்றுகிறார்கள், செயின்பிளேட்டை மறக்கிறார்கள். ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்காமல் இருப்பதே காற்றில் உள்ள ஆக்ஸிஜனால். டெக்கின் தடிமனுக்குள், ஈரச் சீலண்ட் சூழ, காற்று படாத ஒரு அங்குலத்தில் அது உள்ளுக்குள்ளேயே அரிக்கும். மேலேயும் கீழேயும் பளபளக்கும், நடுவில் பாதிதான் இருக்கும். உங்கள் படகில் மேல் ஷ்ரௌட் (மாஸ்டின் பக்கக் கம்பி) பிடிக்கும் செயின்பிளேட் ஒன்றையாவது உருவிப் பார்க்க அனுமதி கேளுங்கள். கம்பியை முதலில் ஹாலியார்டால் (பாய் ஏற்றும் கயிறு) மாற்றிப் பிடித்துவிட்டு, நட்டைக் கழற்றி, மேலே இழுக்க வேண்டும். நடுவில் பழுப்புக் கறையும் ஊசி முனைக் குழிகளும் தெரிந்தால் எல்லாவற்றையும் மாற்றுங்கள். ஃபைபருக்குள் புதைத்த வகை என்றால் உருவ முடியாது. அப்போது ஹல்லுக்கு வெளியே புதிதாகப் போல்ட் போடும் செலவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அலுமினிய மாஸ்டில் ஸ்டெயின்லெஸ் பொருத்திய இடமெல்லாம் வெள்ளைப் பொடி, பெயிண்ட் உப்பல் பாருங்கள். மாஸ்டுக்குள் சுருளும் பாயை முழுக்க வெளியே எடுத்து மறுபடி சுருட்டிக் காட்டச் சொல்லுங்கள், லேசான காற்றில். பை போலத் தொங்கும் பழைய பாய் உள்ளே மடிந்து சிக்கும். கடலில் காற்று ஏறும் நேரத்தில் அது சிக்கினால் பாயைக் குறைக்கவும் முடியாது, இறக்கவும் முடியாது.

பாய்கள்: டாக்ரான் துணியைக் கசக்கினால் காகிதம் போலச் சத்தம் வர வேண்டும். பலமுறை துவைத்த படுக்கை விரிப்பு போல மெத்தென்றால் வடிவம் போய்விட்டது. தையலை நகத்தால் நெருடுங்கள், நூல் பொடிந்தால் வெயில் தின்றுவிட்டது. துணி நன்றாக இருந்தால் மறுதையல் மலிவு.

---

டீசல்நாற்றம்:

எஞ்சின். 3ஜிஎம்30எஃப்-ல் அந்தக் கடைசி எஃப் நல்ல செய்தி: நன்னீர் கூலிங். எஃப் இல்லாத வகையில் கடல் தண்ணீர் பிளாக்குக்குள்ளேயே ஓடும். 3,900 மணி டீசலுக்கு வயதே அல்ல, ஆயில் மாற்றியிருந்தால். நங்கூரத்தில் நின்றபடி பேட்டரி ஏற்றவே சுமையில்லாமல் ஓட்டிய ஆயிரம் மணி, கடலில் நல்ல சுமையில் ஓடிய மூவாயிரத்தைவிட மோசம். சிலிண்டர் சுவர் வழவழப்பாகி ஆயில் எரிக்கும்.

போனதும் முதல் வேலை, எஞ்சின் மேல் கை வைப்பது. சூடாக இருந்தால் யாரோ உங்களுக்கு முன்பே ஸ்டார்ட் செய்திருக்கிறார்கள். "ஆற விட்டு மறுநாள் வருகிறேன்" என்று சொல்லிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சின் சில விநாடிக்குள் பிடிக்க வேண்டும். வெள்ளைப் புகை ஒரு நிமிடத்தில் மறைந்தால் சரி. நீடித்தால் எரியாத டீசல் அல்லது கூலிங் தண்ணீர் உள்ளே போவது. நீலம் ஆயில். கறுப்பு சுமை அல்லது காற்றுத் தடை. டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, பேச்சை அங்கேயே நிறுத்தலாம்.

சோதனை ஓட்டத்தில் இருபது நிமிடம் வழக்கமான வேகம், பிறகு ஐந்து பத்து நிமிடம் முழு த்ராட்டில். 3ஜிஎம்30-ன் உச்சம் 3,600 ஆர்பிஎம். அதில் இருநூறு குறைந்தால் அடிப்பக்கப் பாசி என்று விடலாம். 2,900-ல் நின்று கறுப்பாகப் புகைத்தால் புரொப்பெல்லர் அளவு தப்பு, அல்லது எக்ஸாஸ்ட் அடைப்பு. அந்த எக்ஸாஸ்டில் கடல் தண்ணீர் கலக்கும் வளைவுக்குழாய்தான் பெரும்பாலும் குற்றவாளி: ஒரு பக்கம் கரி, மறுபக்கம் உப்பரிப்பு. ஹோஸைக் கழற்றி விரலை விட்டால் எவ்வளவு இடம் மிஞ்சியிருக்கிறது என்று தெரியும். ஷாஃப்ட் கிளாண்ட் (ஷாஃப்ட் வெளியேறும் இடத்தின் அடைப்பு) பேக்கிங் வகையாக இருந்தால் ஓடும்போது நிமிடத்துக்குச் சில சொட்டு வர வேண்டும், நின்றபின் நிற்க வேண்டும்.

2006 படகின் செயில்டிரைவுக்குத் தனிக் கேள்வி. ஹல்லில் உள்ள பெரிய ஓட்டையை ஒரு ரப்பர் டயாஃப்ரம் மூடியிருக்கிறது. வோல்வோ சொல்லும் ஆயுள் ஏழு வருடம். அப்படியானால் 2013-ல் ஒரு ரசீது, 2020-ல் ஒரு ரசீது இருக்க வேண்டும். அதை மாற்ற எஞ்சினை முன்னால் நகர்த்த வேண்டும், அதனால் தள்ளிப்போட்டிருப்பார்கள். கியர் ஆயில் பால் நிறமா, அலுமினியக் காலில் பெயிண்ட் உரிந்து குழி விழுந்திருக்கிறதா, அனோட் வளையம் (தான் கரைந்து காலைக் காக்கும் உலோகம்) மிச்சம் இருக்கிறதா என்றும் பாருங்கள். செம்பு உள்ள ஆன்டிஃபௌலிங்கை அந்தக் காலில் அடித்திருந்தால் அரிப்புக்கு அழைப்பு வைத்த மாதிரி.

சீகாக் (ஹல்லிலுள்ள தண்ணீர் ஓட்டையை மூடும் வால்வு) எல்லாவற்றையும் மூடித் திறங்கள். மூடாத சீகாக் இல்லாததற்குச் சமம். சாதாரணப் பித்தளையாக இருந்தால் கடல் தண்ணீரில் துத்தநாகம் கரைந்து செம்பு மட்டும் கடற்பஞ்சு போல மிஞ்சும். கத்தி முனையால் சுரண்டினால் மஞ்சளுக்குப் பதில் இளஞ்சிவப்பு தெரியும். சர்வேயர் சுத்தியலால் தட்டி அது உடைந்தால் சந்தோஷப்படுங்கள், கரையில் உடைந்தது.

---

தென்றல்37:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. இரண்டு சந்தேகம். ஒன்று, அகலமான 2006 படகு கவிழ்ந்தால் நிமிராது என்று ஒருவர் சொன்னார், அது கணக்கிலேயே தெரியுமா? இரண்டு, பணம், காகித விஷயத்தில் எந்த வரிசையில் போக வேண்டும்?

---

அடிமட்டம்:

முதல் கேள்விக்கு. 1979 ஃபாஸ்ட்நெட் போட்டி விபத்துக்குப் பிறகு வந்த ஒரு சுலபச் சூத்திரம் உண்டு. எடையைப் பவுண்டில் எடுத்து 64-ஆல் வகுத்து, அதன் கனமூலத்தால் அடியில் உள்ள அகலத்தை வகுக்க வேண்டும். 2-க்குக் கீழே இருந்தால் தூரக் கடலுக்குச் சரி என்பார்கள்.

1987: 7.2 டன், அதாவது 15,870 பவுண்டு. 64-ஆல் வகுத்தால் 248, கனமூலம் 6.28. 11.5-ஐ அதனால் வகுக்க 1.83.
2006: 13,230 பவுண்டு, 206.7, கனமூலம் 5.91. 12.2-ஐ வகுக்க 2.06.

ஆனால் இந்தச் சூத்திரத்துக்குக் கீலின் எடை எங்கே இருக்கிறது என்று தெரியாது. அதே எடையைக் கீலிலிருந்து எடுத்து மாஸ்ட் உச்சியில் வைத்தாலும் இதே எண்தான் வரும்! அதனால் 2.06 என்பதற்காக 2006-ஐத் தள்ளாதீர்கள். நேர்நிலைக்குத் திரும்பும் கடைசிக் கோணம் எத்தனை டிகிரி என்று கட்டியவரின் ஸ்டெபிலிட்டி வளைவைக் கேளுங்கள். ஐரோப்பியச் சந்தைக்கு 1998 ஜூனுக்குப் பின் கட்டியது என்றால் சிஇ தகட்டில் ஏ, பி என்று வடிவமைப்புப் பிரிவும் இருக்கும், ஏ பெருங்கடல். உங்கள் பயணத்துக்கு மாஸ்டுக்குள் சுருட்டும் பாயின் மேல்எடைதான் என்னைக் கொஞ்சம் உறுத்துகிறது, அகலம் அல்ல.

எடைக்கும் நீர்க்கோட்டு நீளத்துக்குமான விகிதம் (கூடினால் கனமான படகு) முதல் படகுக்கு 262, இரண்டாவதுக்கு 180. ஆகவே முதலாவது அலையில் நிதானமாக அசையும், இரண்டாவது லேசான காற்றில் வேகமாகப் போகும், எதிரலையில் அறையும். மூன்று நான்கு மாதச் சாமான், தண்ணீர், டீசல், சங்கிலி ஏற்றினால் ஒரு டன் சுலபமாக ஏறும். அந்த ஒரு டன்னை 7.2 டன் படகு உணராது, 6 டன் படகு உணரும்.

---

சுக்கான்:

காகித வரிசை: விலை பேசி, "சர்வே மற்றும் கடல் சோதனைக்கு உட்பட்டு" என்று எழுதிய ஒப்பந்தம். முன்பணம் பொதுவாகப் பத்து சதவீதம். அது விற்பவர் கையில் அல்ல, தரகரின் தனிக் கணக்கில் இருக்க வேண்டும், திரும்பக் கிடைக்கும் நிபந்தனை ஒப்பந்தத்திலேயே வேண்டும். சர்வேயர் நீங்கள் தேடிப்பிடித்தவராக இருக்கட்டும், தரகர் கொடுத்த பட்டியலிலிருந்து வேண்டாம். வழக்கமான சர்வேயில் எஞ்சின் உள்ளுறுப்பும் மாஸ்ட் உச்சியும் வராது. அதற்கு மெக்கானிக், ரிக்கர் தனி.

சர்வே வந்த பிறகு மூன்று தலைப்பில் எழுதுங்கள்: கடலுக்குப் போகும் முன், இரண்டு வருடத்துக்குள், ஆசைக்கு. விலையைக் குறைக்கச் சொல்லி முதல் தலைப்பை மட்டும் வைத்துப் பேசுங்கள். விளம்பரத்திலேயே "ரிக்கிங் பழையது" என்று போட்டிருந்தால் அதற்கு இரண்டாம் முறை கழிவு கேட்பது எடுபடாது. எது எப்படி இருந்தாலும் வாங்கும் விலையில் கால்வாசியாவது முதல் வருடத்துக்குத் தனியாக வையுங்கள்.

பின்புறப் பலகையின் வலது பக்கம் ஹல் எண் பொறித்திருக்கும். ரசீதிலும் பதிவுப் புத்தகத்திலும் அதே எண்ணா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். முதல் சொந்தக்காரரிலிருந்து இன்றுவரை விற்பனைப் பத்திரங்கள் தொடர வேண்டும். கடனும், கட்டாத யார்டு பாக்கியும் பல நாட்டுச் சட்டத்தில் ஆளைத் தொடராது, படகைத் தொடரும். வரி கட்டிய சான்று கேட்கும் பகுதியில் படகு இருந்தால் அதன் அசல். கூடவே கையெழுத்திட்ட சாமான் பட்டியல்; பார்க்கப் போனபோது இருந்த லைஃப்ராஃப்டும் டிங்கியும் சாவி வாங்கும் நாளில் காணாமல் போவது ஒன்றும் அதிசயமில்லை.

இரண்டில் எது என்றால்: 1987-ல் தேக்குக்குக் கீழே டெக் காய்ந்திருந்து, செயின்பிளேட் உருவிப் பார்த்ததும் சுத்தமாக இருந்தால் அதுதான். தேக்கடியில் ஈரம் என்றால் பேரம் பேசவே வேண்டாம், அடுத்ததைப் பாருங்கள்.

---

ஈயக்குண்டு:

நான் ஒத்துக்கொள்ளவில்லை. தேக்குப் பிடுங்கும் வேலை வெளியே தெரியும், கணக்கிட முடியும். ஒட்டுவிட்ட கீல் சட்டம் இரண்டும் இல்லை. 2006-ஐ எடுத்தால் முழுத் தூக்கலும் பில்ஜ் சோதனையும் முடியாமல் முன்பணத்தை உறுதியாக்காதீர்கள்.

---

தென்றல்37:

வரும் சனிக்கிழமை 1987 படகைப் பார்க்கப் போகிறேன். ஸ்டாஞ்சன் போல்ட்டை உருவினால் ஓட்டையை அப்படியே விட்டுவர முடியாதே, திரும்ப அடைக்க எதைக் கொண்டுபோவது?

---

பதினாறாம்நம்பர்:

பியூட்டைல் டேப் (ஒட்டும் ரப்பர் பட்டை) ஒரு சுருள். ஓட்டை வாயைச் சுத்தம் செய்து, போல்ட் தலைக்கு அடியில் வளையமாகச் சுற்றி, நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். ஓரத்தில் பிதுங்கி வந்ததும் நிறுத்தி, பிதுங்கியதை வெட்டிவிடுங்கள். சிலிகான் வேண்டாம், அதன் மேல் பிறகு எதுவும் ஒட்டாது. போல்ட்டைத் திருகும்போது உள்ளேயிருந்து ஒருவர் நட்டைப் பிடிக்க வேண்டும், ஆகவே தனியாகப் போகாதீர்கள். உருவிய போல்ட்டின் மரையில் ஈர மரத்தூள் ஒட்டி வந்தால் அதை முகர்ந்து பாருங்கள். அழுகிய பால்சா பழைய ஈரச் சாக்கு மாதிரி நாறும்.